பிரிப்பதற்கென்று தைத்தது

— ஒரு லட்சத்து எண்பதினாயிரம் குறோனரோ? இந்தப் பாவாடைக்கோ?

— பாவாடை இல்லை அப்பா, கவுண். பிரான்சிலை ராசா ராசாத்தி இருந்த காலத்து உடுப்பு. அது விலையும் இல்லை. மியூசியம்காரர் காப்புறுதிக்கு எழுதின தொகை.

— காப்புறுதிக்கு எழுதினாலும் விலை விலைதானே, பிள்ளை. என்ரை கடையிலை ஒரு சுவர் முழுக்கக் கிடக்கிற பட்டை அள்ளிக் கட்டினாலும் அவ்வளவு வராது. ஆர் அந்த விசரன்?

— ஆன்ட்ரியாஸ் எண்டு, கண்காட்சி நடத்திறவர். திங்கக்கிழமை வான் வந்து இதை ஏத்திக்கொண்டு போகும். அப்பா, இதை விலை பேசவோ ஸ்டோவ்னரிலையிருந்து பஸ் பிடிச்சு வந்தனீங்கள்? அம்மா செத்து மூண்டு நாள். வீட்டிலை சனம் நிக்கும். கதிரையிலை இருங்கோ. ஏதேன் சாப்பிட்டனீங்களோ?

— செத்தவீட்டிலை சாப்பாட்டுக்கோ குறை? வாற சனமெல்லாம் ஆளுக்கொரு சட்டியோடை வருது. எல்லாச் சட்டியிலையும் கத்தரிக்காய். கொம்மாவுக்குக் கத்தரிக்காயே ஆகாது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.

— அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?

— சொல்லுறன், சொல்லுறன். முதல் எனக்கு இதைச் சொல்லு. இடுப்பு ஏன் இவ்வளவு அகலம்? உன்ரை இந்தக் கதவாலை இது எப்பிடி வெளியிலை போகும்?

— பக்கவாட்டிலை திருப்பித்தான். உள்ளுக்கை ரெண்டு பக்கமும் பிரம்புக் கூடை கட்டியிருக்கு.

— கூடையோ? கொம்மாவின்ரை ஆக்களுக்கு அந்தச் செலவே வந்திராது.

— அப்பா!

— சரி, சரி. அவள் இருந்திருந்தால் சிரிச்சிருப்பாள்.

— சிரிச்சிருக்க மாட்டா.

— மூஞ்சையைத் திருப்பியிருப்பாள். உள்ளுக்கை சிரிச்சிருப்பாள். நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவன், எனக்குத் தெரியாதோ? சரி, விடு. இஞ்சை பார் பிள்ளை, நான் வந்த விசயம் இதுதான். கூறையைக் காணேல்லை.

— எந்தக் கூறை?

— எந்தக் கூறையோ? நான் இந்திராவுக்கு எத்தினை தரம் தாலி கட்டினனான்? கொம்மாவின்ரை கலியாணக் கூறை. நாளைக்குப் பத்து மணிக்கு அவளைக் குளிப்பாட்டி உடுத்தவேணும். புருசன் இருக்கேக்கை போறவள், கூறையோடைதானே போகவேணும்? கனகம்மா மச்சாள் விடிஞ்சதிலையிருந்து என்ரை உயிரை எடுக்கிறா. அலுமாரி, சூட்கேஸ், கடையின்ரை நிலவறை எல்லாம் கிண்டிப்போட்டன். கூறை சுத்திவைச்ச வெள்ளைத் துவாய் இருக்கு. மடிச்ச மடிப்புக் குலையாமல் இருக்கு. உள்ளுக்கை ஒண்டும் இல்லை.

— ம்.

— என்ன ம்? ஏன் சுவரைப் பாக்கிறாய்? கொம்மா உன்னட்டைத் தந்தவளோ?

— ஓம்.

— அப்பாடா! நெஞ்சு பதறிப்போச்சடி எனக்கு. முதலே சொல்லுறதுக்கென்ன? எடு, எடு. அயன் பண்ண வேறை குடுக்கவேணும். எங்கை வைச்சிருக்கிறாய்?

— அப்பா, வந்ததிலையிருந்து நீங்கள் அதைத்தான் விலை பேசிக்கொண்டு நிக்கிறியள்.

— எதை?

— கிட்டப் போய்க் கரையைப் பாருங்கோ.

— என்ன கரை? பொறு, கண்ணாடியை... வேண்டாம். கண்ணாடி வேண்டாம், கை சொல்லுது. மயில்கண். மயில்கண்ணுக்கு மேலை உருத்திராட்சம். இது என்ரை ஐயா காஞ்சிபுரத்திலை சொல்லி நெய்விச்ச கரை. எடியே சுஜா... எடியே, வெட்டிப்போட்டியோ?

— ஓம் அப்பா.

— கொம்மாவின்ரை கூறையை? ஒரு பிரெஞ்சுக்காரிக்கு?

— நடிகைக்கு. பிரெஞ்சுக்காரி இல்லை, இஞ்சத்தை நோர்வேக்காரி, ட்றொன்ட்ஹைமிலை பிறந்தவ.

— அது பெரிய ஆறுதல்.

— இருங்கோ அப்பா. தண்ணி குடியுங்கோ. நான் ஒளிக்கேல்லை. இல்லை... ஒளிச்சனான்தான். போன வருசம் ரீவியிலை ஓடின அந்த அரண்மனைத் தொடருக்கு நான்தான் உடுப்புத் தைச்சனான், தெரியும்தானே? அதிலை ராசாத்தியின்ரை தோழி விருந்துக்கு வாற கவுண் இது.

— அதை நானும் பாத்தனானே. கொம்மாவோடை சோபாவிலை இருந்து பாத்தனான்.

— ஓம். அம்மா ரீவியைப் பாக்கேல்லையாம். உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவவாம், உங்களுக்குத் தெரியுதோ எண்டு.

— நான் என்ன செய்தனான்?

— எழும்பிக் கிட்டப் போனனீங்களாம். அம்மாவுக்கு நெஞ்சு அடிச்சுதாம், கண்டுபிடிச்சிட்டார் எண்டு. நீங்கள் திரும்பி, 'நல்ல பட்டு, இவங்கள் இதை என்ன விலைக்கு எடுத்திருப்பாங்கள்' எண்டு கேட்டனீங்களாம்.

— அவ்வளவு வெளிச்சம், அந்த மாப்பூசின முகங்கள், தலையிலை கோபுரம் மாதிரி மயிர்... அதுக்குள்ளை ஆர் கரையைப் பாக்கிறது?

— நீங்கள் பாப்பீங்கள் எண்டு அம்மா நினைச்சவ.

— எப்ப தந்தவள் இதை உன்னட்டை?

— அம்மாவுக்கு வருத்தம் எண்டு டொக்டர் சொன்ன கிழமை. நான் பட்டுத் தேடி அலைஞ்சுகொண்டு நிண்டனான். தொடர்க்காரர் தாற காசுக்கு நல்ல பட்டு வாங்கேலாது. அம்மா பஸ்ஸிலை வந்து, இந்த மேசையிலை, சொப்பிங் பையோடை வைச்சவ.

— நீ கேட்டு?

— நான் கேக்கேல்லை.

— தானாவோ?

— தானா.

— என்ன சொல்லித் தந்தவள்?

— அப்பா, உங்கடை ஃபோன் அடிக்குது.

— அடிக்கட்டும். என்ன சொல்லித் தந்தவள் எண்டு கேட்டன்.

— பெரியம்மா அப்பா. எடுக்காட்டி திரும்பத் திரும்ப அடிப்பா. இஞ்சை தாங்கோ, ஸ்பீக்கரிலை போடுறன்.

— தம்பி வரதன்! எங்கை நிக்கிறீர்? உம்மைத் தேடி இஞ்சை சனம் நிக்குது. கூறை கிடைச்சுதோ, இல்லையோ?

— கிடைச்சுது மச்சாள். சுஜானியட்டை இருந்தது.

— என்ரை அம்மாளாச்சி! என்ரை வயித்திலை பாலை வார்த்தீர். நான் பயந்துபோனன் பாரும், விக்கிற அவசரத்திலை அதையும் ஆருக்கேன் சுத்திக் குடுத்திட்டீரோ எண்டு.

— உங்களுக்கும் இந்த நேரத்திலை பகிடி.

— நான் பகிடி விடேல்லை. உம்மட்டைக் கேட்டுப் பழகினது. பிள்ளை நிக்கிறாளோ? சுஜா, கேள் மோனை. பெட்டி மடிப்போடை அப்பிடியே தூக்கிக்கொண்டு வராதை. பழம்பட்டு, பூச்சி கீச்சி அரிச்சிருக்கும். விரிச்சுப் பாத்தியோ?

— பூச்சி அரிக்கேல்லை பெரியம்மா.

— வேறை ஏதேன் பழுதோ?

— பழுதில்லை மச்சாள். கொஞ்சம் மடிப்பு விழுந்துபோய்க் கிடக்கு.

— மடிப்பெண்டால் அயனோடை போயிடும். கனக்கவோ?

— கொஞ்சம் கனக்கத்தான்.

— எண்டாலும் பறவாயில்லை. லண்டனாக்கள், கனடாக்காரர் எல்லாம் வந்து இறங்கியிட்டினம். பூவோடையும் பொட்டோடையும் போறாள் என்ரை தங்கச்சி, குடுத்து வைச்சவள். கூறையில்லாமல் கிடந்தால் சனம் என்ன சொல்லும்? புருசனோடை ஏதோ மனக்குறையாக்கும் எண்டெல்லோ சொல்லும்? அதுவும் புடவைக்கடைக்காரன்ரை பெண்சாதி. கேட்டீரோ தம்பி?

— கேக்குது மச்சாள்.

— ஒன்பது மணிக்கே கொண்டு வாரும். நான்தான் உடுத்துவன், வேறை ஒருத்தியையும் தொட விடமாட்டன். வைக்கிறன்.

— கேட்டியோ பிள்ளை?

— கேட்டன்.

— பிரி.

— என்ன?

— இதைப் பிரி. பிரிச்சுத் திரும்பச் சேலையாக்கு.

— அப்பா, கடையிலை நூறு கூறை கிடக்கு. அதே அரக்கு, அதே கரை. நீங்களே சொல்லி நெய்விச்சு எடுத்தது. ஒண்டைக் கொண்டுவாங்கோ. பெரியம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது.

— எனக்குத் தெரியும்.

— நீங்கள்தானே வாறவையளுக்குச் சொல்லுறது, அச்சு அசல் எண்டு.

— அது யாவாரக் கதை, மோளே. கடையிலை கிடக்கிறது வெறும் பட்டு. கொம்மா இஞ்சை வரேக்கை நகையைத் தங்கச்சியாக்களட்டைக் குடுத்திட்டுக் கூறையைத்தான் கைப்பைக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்தவள். ஒஸ்லோவிலை இறங்கேக்கை எங்களட்டை இருந்த ஒரே முதல் அதுதான். கடையைத் தூக்கி நிப்பாட்டினதும் அதுதான், தெரியுமோ உனக்கு?

— தெரியும்.

— உனக்கு அரைவாசிதான் தெரியும். கடை திறந்த முதல் மாசம் கண்ணாடிக்குள்ளை வைக்கச் சாமான் இல்லை. கொம்மாவின்ரை கூறையைப் பொம்மைக்கு உடுத்தி நிப்பாட்டினன். காலடியிலை ஒரு மட்டை வைச்சன், 'விற்பனைக்கு அல்ல' எண்டு. விக்கிறேல்லை எண்டு எழுதினால்தானே சனம் உள்ளுக்கை வந்து விலை கேக்கும்? கேட்டுதுகள். இல்லை எண்டன். கூட்டிக் கேட்டுதுகள். இதே மாதிரி எடுப்பிச்சுத் தாறன் எண்டன். அண்டைக்குத் தொடங்கினது யாவாரம். உடம்பிலை வைச்சுப் பாக்கவேணும் எண்ட பொம்பிளைப் பிள்ளையளுக்கு உடுத்தியும் காட்டினன். பியோர்ண்டாலிலையிருந்து ஒரு குடும்பம் வந்து படமே எடுத்துக்கொண்டு போனது.

— எத்தினை பேருக்கு உடுத்தினனீங்கள்?

— அதுக்கெல்லாம் ஆர் கணக்கு வைச்சது?

— அம்மா.

— என்ன சொல்லுறாய்?

— அம்மாவுக்கு ஒவ்வொருத்தியையும் தெரியும். ஒவ்வொரு முறையும் வீட்டை கொண்டுவந்து பல்கனியிலை நிழலுக்கை விரிச்சு விடுவா. நான் சின்னனிலை முகத்தை வைச்சு மணந்திருக்கிறன். ஒருநாள் ஒரு சென்ற் மணக்கும், மற்றநாள் வேறை சென்ற். ஆரோ ஒரு பிள்ளையின்ரை வேர்வை. ஒருநாள் அம்மா சொன்னவ, 'இதுக்குள்ளை இனி நான் எங்கை இருக்கிறன்' எண்டு.

— எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே அவள்.

— சொன்னவ அப்பா. சாப்பாட்டு மேசையிலை, ஞானரட்ணம் மாமாவையள் எல்லாரும் இருக்கேக்கை. 'இனி அதைக் கடைக்குக் கொண்டு போகாதேங்கோ' எண்டு கேட்டவ.

— நான் என்ன சொன்னனான்?

— 'இந்திரா, உன்ரை கூறை உன்னைவிட நல்லா உழைக்குது, அதைக் குழப்பாதை' எண்டு சொன்னனீங்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை.

— பகிடிக்குச் சொல்லியிருப்பன்.

— ஓம், நல்ல பகிடி. நானும் சிரிச்சனான்.

— கொம்மா?

— கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ளை போனவ.

— ம்.

— கோப்பி போடட்டோ?

— வேண்டாம். பிள்ளை, அந்தப் பகிடிக்குத்தானோ இதை உன்னட்டைக் கொண்டுவந்து தந்தவள்?

— அப்பா, திங்கக்கிழமை வான் வருது.

— நான் ஒண்டு கேக்கிறன், நீ வானைக் காட்டுறாய்.

— வானும் இருக்குத்தானே! எனக்கும் ஒண்டு இருக்கக்குடாதோ? இந்தக் கண்காட்சியிலை படங்களிலை, தொடர்களிலை ராசாத்திமார் போட்ட உடுப்பெல்லாம் வைக்கினம். மற்றதெல்லாம் முதுகிலை ஸிப் வைச்சது. பொலியெஸ்டரிலை சரிகையைப் பசை போட்டு ஒட்டினது. அந்தக் காலம் எண்டு இப்ப திரையிலை காட்டுறது அதுதான். ஒருத்தி கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா, வேலைக்காரி முதுகிலை முழங்காலை வைச்சு இடுப்புக் கச்சைக் கயிறை இழுப்பா, இவ மூச்சு முட்டி விழுவா. எல்லாப் படத்திலையும் அது இருக்கும். உண்மையிலை அவை அந்தக் கச்சையோடைதான் சாப்பிட்டவை, நடந்தவை, பிள்ளையைத் தூக்கினவை. அந்தக் காலத்து மாதிரியே கையாலை தைச்சது என்ரை ஒண்டுதான். அதுக்குத்தான் பக்கத்திலை என்ரை பேர் போடுகினம். சுஜானி வரதராசா.

— வரதராசா எண்டும் போடுகினமோ?

— ஓம்.

— கொம்மாவின்ரை பேர்?

— போடேல்லை.

— அவளின்ரை கூறையிலை என்ரை பேர்.

— நான் அப்பிடி யோசிக்கேல்லை அப்பா.

— நானும்தான் யோசிக்கேல்லை. மட்டை வைக்கேக்கை நானும்தான் யோசிக்கேல்லை. இஞ்சை பார் சுஜா, நான் யாவாரியின்ரை மோன். எட்டு வயசிலை ஐயாவின்ரை மேசைக்குக் கீழை இருந்து பேரம் பழகினவன். ஆரட்டையும் ஒண்டையும் இரந்து கேட்டறியன். உன்னட்டைக் கேக்கிறன். சனம் கதைக்கிறது கிடக்கட்டும், கனகம்மா மச்சாள் கிடக்கட்டும். அவள் என்ரை கூறையில்லாமல் போனாள் எண்டால், நாப்பது வருசமா அவளோடை இருந்தவன் ஆர்? நான் ஆர் அவளுக்கு, அதைச் சொல்லு.

— அதை அப்பிடிக் கசக்காதேங்கோ. மடிப்பு அவிழப் போகுது.

— அவிழட்டும்.

— கையை விடுங்கோ அப்பா. விடுங்கோ, சரிகை கிழியப் போகுது... சரி. சரி அப்பா. பிரிக்கிறன்.

— பிரிக்கிறியோ?

— பிரிச்சுத் தாறன். ஆன்ட்ரியாசுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். ஆனால் ஒரு பேச்சு.

— விலையைச் சொல்லு.

— அம்மா இதைத் தரேக்கை என்ன சொன்னவ எண்டு என்னட்டைக் கேக்கக்குடாது. இண்டைக்கும் கேக்கக்குடாது, பிறகும் கேக்கக்குடாது.

— விலை கூடத்தான். குறைக்க மாட்டியோ?

— இல்லை.

— சரி. முடிஞ்சுது. கையைத் தா. எங்கை தொடங்கிறது?

— முன்பக்கத்துக் குண்டூசியளை முதல் கழட்டுங்கோ. நெஞ்சுத்துண்டு முழுக்கக் குண்டூசியாலைதான் குத்தியிருக்கு. கவனம், குத்தும்.

— ராசாத்திமாருக்கும் குண்டூசியோ? நான் ஏதோ பெரிசா நினைச்சன். எங்கடை பொம்பிளையள் சேலைக்குக் குத்துறமாதிரி.

— அதேமாதிரித்தான். இப்ப இந்த நூலைப் பாருங்கோ. வெட்டாதேங்கோ, முடிச்சை அவிட்டிட்டு நுனியிலை பிடிச்சு இழுங்கோ. மெல்ல.

— இஞ்சை! எடியே, ஒரு இழுவையிலை முழுக்க வருது! என்ன தையல் இது? கனகம்மா மச்சாள் தலையணை உறைக்குப் போடுற தையலும் இதைவிட இறுக்கமடி.

— வேணுமெண்டு போட்ட தையல்தான். அந்தக் காலத்திலை பட்டுத்தான் விலை, தைக்கிறவளின்ரை கூலி சல்லிக்காசு. அதாலை துணியை ஏலுமானமட்டும் வெட்ட மாட்டினம். மடிச்சு மடிச்சு, நெட்டை நெட்டையாத் தைச்சு விடுவினம். பிறகு பிரிச்சு மோளுக்குத் தைக்கலாம், இல்லாட்டிக் கோயிலுக்குத் திரைச்சீலைக்குக் குடுக்கலாம்.

— யாவாரம் விளங்கின சனம். தலையை வெட்டினாலும் துணியை வெட்டாமல் விட்டிருக்கிறாங்கள்.

— முதுகாலை இறங்கிற இந்த மடிப்புக்குள்ளைதான் கனக்கத் துணி கிடக்கு. பிடியுங்கோ, விழப்போகுது... கை ரெண்டையும் சட்டைத்துண்டிலை வெட்டினனான். அம்மா அந்தச் சட்டைத்துண்டைத் தைப்பிக்கவே இல்லையே, சேலையோடையே கிடந்தது. மற்றப்படி குறுக்காலை மூண்டு வெட்டு. அவ்வளவுதான்.

— மூண்டு வெட்டெண்டால் நாலு துண்டு. பொறு, பொறு. பொருத்தினால், முதல் பொருத்து உள்ளுக்கை சொருகிற சுத்துக்குள்ளை போகும். ரெண்டாவது கொய்யகத்துக்குள்ளை மறையும். மூண்டாவது முதுகுக்குக் கீழை வரும். படுத்திருக்கிறவளின்ரை முதுகை ஆர் பாக்கிறது? தலைப்பு முழுசா இருக்கோ?

— முழுசா இருக்கு.

— அப்ப தப்பினம். பெட்டிக்குள்ளை தெரியிறது தலைப்புத்தான். விரி பாப்பம். ஓ... என்ன மாதிரி மினுங்குது. இஞ்சை ஓரத்திலை என்ன, குங்குமமோ?

— லிப்ஸ்ரிக்.

— அந்த ட்றொன்ட்ஹைம்காரியின்ரையோ?

— இல்லை. அம்மா கொண்டுவந்து தரேக்கையே இருந்தது.

— கொம்மா லிப்ஸ்ரிக் பூசாதவள்.

— ஓம் அப்பா.

— இதை எடுக்கேலாதோ?

— பட்டிலை ஊறியிட்டுது. தேய்ச்சால் சாயம் போகும்.

— அந்தப் பக்கத்தை உள்ளுக்கை மடிச்சு விடலாம். மச்சாளுக்குச் சொல்லுவம், அந்தப் பக்கத்தை உள்ளுக்கை மடிக்கச் சொல்லி.

— சொல்லுவம்.

— ஏன் அழுறாய்?

— அழேல்லை. ஊசிக்கு நூலைக் கோத்துத் தாங்கோ. உங்களுக்குக் கண் தெரியாட்டி நானே கோக்கிறன்.

— கடைக்காரனுக்கு நூல் கோக்கச் சொல்லித் தாறியோ? கொண்டா... இந்தா. எவ்வளவு நேரம் எடுக்கும்?

— நாலு துண்டும் பொருத்த ரெண்டு மணித்தியாலம். நீங்கள் அதுக்குள்ளை துண்டுகளை அளந்து அடுக்குங்கோ. அளவுநாடா மேசையிலை கிடக்கு.

— நாடா என்னத்துக்கு? என்ரை கை இருக்கு. ஒண்டு. ஒண்டரை. இது தலைப்புத் துண்டு. ரெண்டு, ரெண்டேமுக்கால்... உனக்குத் தெரியுமோ பிள்ளை, நாளைக்கு மண்டபத்திலை நான் நாலு வார்த்தை பேசவேணும். இரவு முழுக்க யோசிச்சன், ஒண்டும் வரேல்லை. வாயைத் திறந்தால் பகிடிதான் வருது. இப்ப வந்திட்டுது.

— என்ன வந்திட்டுது?

— கேள். 'என்ரை இந்திரா தனக்கு வருத்தம் எண்டு தெரிஞ்ச கிழமையே கூறையைத் தன்ரை கையாலை எடுத்துக்கொண்டு போய் மோளட்டைக் குடுத்தவள். பத்திரமா வைச்சிரு பிள்ளை, நான் போகேக்கை கொப்பர் இதைத் தேடுவார் எண்டு சொல்லிக் குடுத்தவள்.' எப்பிடி? சனம் அழும்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ அப்பா.

— ஏன்? கிட்டத்தட்ட அதுதானே? இல்லாட்டி நீ ஏன் பிரிக்கக்கூடியமாதிரித் தைச்சனி? எனக்கு இப்ப எல்லாம் விளங்குது. தாயும் மோளும் ஏதோ பேசி வைச்சுத்தான் செய்திருக்கிறியள். அந்தக் காலத்துத் தையல் எண்டு எனக்குப் பேய்க்காட்டுறாய்.

— அந்தத் தையல் என்ரை விருப்பம். அம்மாவுக்குத் தெரியாது. தயவுசெய்து சனத்துக்கு முன்னாலை அதைச் சொல்லாதேங்கோ.

— நாலரை, நாலேமுக்கால். இது கடைசித் துண்டு. அஞ்சு. அஞ்சரை. ஆறு! ஆறு யார் பட்டு, பிள்ளை! சட்டைத்துண்டு தனி. ஒரு விரற்கடை நட்டமில்லை. ஐயா வாங்கேக்கை எத்தினை யார் பட்டோ, அவ்வளவும் இருக்கு. கணக்குச் சரி. இனிச் சொல்லு, என்ன சொல்லித் தந்தவள்?

— கேக்கிறேல்லை எண்டு பேசினனாங்கள்.

— பேசினது உண்மை. பேச்சு மாறுறன். இவ்வளவு கால யாவாரத்திலை முதல் தரம் பேச்சு மாறுறன் எண்டு வைச்சுக்கொள். நீ சொன்னால் நாளைக்கு அதைச் சொல்லுவன். சொல்லாட்டி நான் இப்ப சொன்னதைத்தான் சொல்லுவன்.

— 'எந்தக் கூத்தாடிக்கு எண்டாலும் தை சுஜா, ஆனால் ஆரும் திரும்பச் சேலையாக்க ஏலாதமாதிரித் துண்டு துண்டா வெட்டிப்போடு, இல்லாட்டி நான் செத்த அண்டைக்குக் கொப்பர் அதைத்தான் எனக்குச் சுத்துவார்' எண்டு சொன்னவ. வெட்டிப்போட்டன் அம்மா எண்டு நான் பொய் சொன்னனான், போன செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரியிலை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ, அப்பவும் வெட்டிப்போட்டன் எண்டுதான் சொன்னனான். உங்கடை ஆறு யார் பட்டும் உங்கடை மடியிலை குறையாமல் இருக்கு அப்பா. அம்மா கேட்டதுதான் இன்னும் குடுபடேல்லை.